எலி கடிக்காத பெட்டி

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சாம்பிள்களில் பாதி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்தான் வரும். சுத்தமான கண்ணாடி பாட்டிலில் கொண்டுவாருங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாயிற்று. ஒருத்தர் காதிலும் ஏறுவதில்லை. அன்றைக்கு வந்ததும் அப்படித்தான். ஆரஞ்சுப் பழம் படம் போட்ட பாட்டிலில், தேன் நிறத்தில் ஏதோ ஒன்று. கொண்டுவந்தவர், "மேடம், இதுல இன்னான்னா கலந்துகீதுன்னு பாக்கணுமாம்" என்றார்.

"இதை யாராவது ஜூஸுன்னு குடிச்சுத் தொலைச்சா?"

"ஒரு தபா மோந்து பாருங்க மேடம். எவன் குடிப்பான்?"

முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாசனை லேசாக வந்த மாதிரி இருந்தது. பெரிதாகத் தெரியவில்லை. காசிமேட்டில் பிறந்து, திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் வேலை பார்க்கிறவளுக்கு மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வாசனைக் கணக்கிலேயே சேராது. இந்த மூக்கின் லட்சணத்தைப் பிற்பாடு சொல்கிறேன்.

பாட்டிலில் இருந்தது, தண்ணீர்மேல் படரும் எண்ணெயைக் கலைக்க அடிக்கும் திரவம். எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து என்றே பெயர். சில வாரங்களுக்கு முன்னால் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்திருந்தது. எங்கிருந்து வந்தது, யார் விட்டது என்று பேச வேறு ஆட்கள் இருந்தார்கள். அள்ளியதென்னவோ மீனவர்கள்தான். முழங்கை வரைக்கும் கறுப்பாக, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அள்ள முடியாமல் படகிலும் கல்லிலும் அப்பிக்கொண்டதை இந்த மருந்தை அடித்துக் கழுவினார்கள். மருந்தை வாங்கிய கம்பெனிக்கு, கேனில் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று சந்தேகம். அதனால் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

அதைப் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் மாயவித்தை இல்லை. முதலில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். பால் மாதிரி வெளுத்துப் பரவியது. சோப்புக் குடும்பம் இருக்கிறது என்று அர்த்தம். எந்தச் சோப்பு? மெத்திலின் நீலம் என்று ஒரு சாயம் உண்டு. பிரிபுனல் என்கிற கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் மேலே நிற்கும், குளோரோஃபார்ம் கீழே நிற்கும். நீலம் தண்ணீரை விட்டு நகராது. சல்ஃபோசக்சினேட் மாதிரியான சோப்பு வகை ஏதாவது இருந்தால், நீலத்தைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடும். குலுக்கி வைத்தேன். அடியில் நல்ல நீலம் இறங்கியது. இதே சல்ஃபோசக்சினேட்டைத்தான் மலச்சிக்கல் மாத்திரையிலும் போடுகிறார்கள். கூடவே சர்பிட்டான் என்று இன்னொரு சோப்பு வகையும் இருந்தது. அதன் சொந்தக்காரர்கள் ஐஸ்கிரீமில் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளைகள்தான்.

மிச்சத்தை கேஸ் குரோமட்டோகிராஃபில் ஏற்றினேன். ஒரு கலவையைச் சூடாக்கி, லேசான பொருளை முன்னாலும் கனமான பொருளை அப்புறமும் வரிசையாக வெளியே அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கிழிக்கிற எந்திரம் அது. கணினித் திரையில் மண்ணெண்ணெய்க்கே உரிய கோடுகள் நெருக்கியடித்து நின்றன, அவற்றின் அடியில் ஒரு சின்ன மேடு. ஆகக்கூடி மருந்தில் பாதிக்கு மேல் சுத்திகரித்த மண்ணெண்ணெய் ஜாதி, மீதி சோப்புகள். எண்ணெயை ஊடுருவ மண்ணெண்ணெய், அதை உடைத்துத் தண்ணீரோடு சேர்க்கச் சோப்பு. கேனில் எழுதியிருந்ததற்கும் இதற்கும் பெரிய சண்டை இல்லை. ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் என் அக்காவின் பிழைப்பு நாறிக்கொண்டிருந்தது.

அக்கா மீன் விற்பவள். விடிவதற்குள் காசிமேட்டு ஏலத்தில் நின்று மீன் எடுத்து, ஐஸ் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, மற்ற பெண்களோடு ஆட்டோ ஏறிப் பெரம்பூர் போவாள். ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் தெருக்கள் அவளுடைய லைன். ஒவ்வொரு வாசலாகப் பேசிச் சிரித்து, கெட்ட மீனை ஒருநாளும் கையால் தொடாமல், அவளே பிடித்த லைன் அது. அதை விட்டால் அவளுக்கு மிச்சம் இருப்பது இறால் உரிக்கிற ஷெட்தான். ஏற்கெனவே ஒரு காலத்தில் அங்கே உரித்து, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டவள். அந்த ஷெட் வாசலில் இனி கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தாள்.

எண்ணெய் வந்த செய்தி டிவியில் ஓடியதும் பெரம்பூரில் ஒரு வீட்டில் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்கள், "இது எண்ணூர் மீனா?" என்று. அக்கா எடுப்பது ஆழ்கடலுக்குப் போய்வரும் லாஞ்சில் இறங்கும் மீன். அதைப் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு கொஞ்ச நாளில் விளையாட்டு நிஜமாயிற்று. ஒருத்தர் வாங்கிய சங்கரா மீனைத் திருப்பிக் கொடுத்தார். குழம்பில் மண்ணெண்ணெய் நாறுகிறது என்றார் இன்னொருத்தர். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை.

அக்கா என்னிடம் வந்து புலம்பினாள். நானும் பெரிய மேதாவி மாதிரி, "எண்ணெய் கடல்ல பரவியிருக்கும்கா, மீனு மேல தப்பு சொல்ல முடியாது, அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது" என்றேன்.

"அப்ப எம்மேலதான் தப்பா? போடி, படிச்சவ மாதிரி பேசாத."

மறுவாரம் ஒரு மத்தியானம் ஆய்வக வாசலில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் அக்கா, செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். கையில் பாலித்தீன் பையில் ஐஸ் தண்ணீரோடு இரண்டு சங்கரா.

"இந்தா. உன் மெஷின்ல போடு. மெய்யாலுமே இதுல ஆயிலு கீதா இல்லியா, எனக்குத் தெரியணும். இன்னிக்கு நாலு வூட்ல திருப்பிட்டாங்கடி. பக்கத்துத் தெருக்காரி வேற வந்து என் லைன்ல கூவினு போறா."

"இருந்தா என்ன பண்ணுவ?"

"இன்னா பண்றது? நாளைலேந்து ஷெட்டுக்குப் போவேன். நாத்தம் புடிச்ச மீனை எவ தலைல கட்றது? அந்தப் பாவம் எனக்கு வாணாம்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மேலாளரிடம் கேட்டேன். அவர் மீனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எந்திரம் சும்மா இருக்கும்போது ஓட்டிக்கொள், ஆனால் ஜன்னலைத் திறந்து வை என்றார்.

தோல், சதை, குடல், ஈரல் என்று தனித்தனியாக எடுத்தேன். எண்ணெய்த் தண்ணீரில் நீந்திய மீன் என்றால் அது குடித்திருக்கும், தின்றிருக்கும். குடலும் ஈரலும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். முகத்துவாரத்து எண்ணெய் கொஞ்சம் எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க அதையும் ஓட்டினேன்.

குடல் சுத்தம். ஈரல் சுத்தம். தோலில் மட்டும் கோடுகள் வந்தன. அதுவும் ஒரு பக்கத்துத் தோலில் அதிகம், மறுபக்கம் ரொம்பக் குறைவு. முகத்துவாரத்து எண்ணெயின் கோடுகள் கனமான பக்கம் வரைக்கும் நீண்டுகொண்டே போகும். மீன் தோலில் இருந்ததோ சீக்கிரமே முடிந்துவிட்டது. சின்ன மேடு, அதன்மேல் நெருக்கமான கோடுகள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆரஞ்சுப் பாட்டிலின் கோடுகளை எடுத்து மேலே பொருத்தினேன். அச்சு அசல் அதேதான்.

மண்ணெண்ணெய் ஜாதிதானே, எதிலிருந்து வேண்டுமானாலும் பட்டிருக்கலாம் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பையில் இருந்த ஐஸ் தண்ணீரில் நீலச் சாயத்தையும் குளோரோஃபார்மையும் விட்டுக் குலுக்கினேன். நீலம் கீழே இறங்கியது. கண்ணாடிச் சாமானைக் கழுவிய சோப்பு மிச்சமிருக்கிறதோ என்று, புனலை மெத்தனாலில் அலசிவிட்டு, வெறும் தண்ணீரோடு ஒரு தடவையும் அக்காவின் ஐஸ் தண்ணீரோடு மறுபடியும் செய்தேன். வெறும் தண்ணீரில் ஒன்றுமில்லை. அக்காவின் தண்ணீரில் நீலம். மண்ணெண்ணெயும் சோப்பும் சேர்ந்து, அதுவும் ஒரு பக்கத் தோலில் மட்டும். அந்த மீன் கடலில் எண்ணெயைப் பார்க்கவே இல்லை. செத்துக் கரைக்கு வந்த பிறகுதான் யாரோ அதை மருந்தில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ராயபுரத்தில் ஹவுசிங் போர்டு பிளாக், கீழ்வீடு. அடிபம்பு அருகே முட்டியை மடித்துக் குந்தி, தேங்காய் நாரால் தெர்மாகோல் பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கேன். நுரை ஆறாக ஓடியது.

"இது ஏதுக்கா?"

"மாமா எடுத்தாந்துச்சு. எண்ணூர்ல ஆயிலு அள்றதுக்குப் போச்சில்ல, முடிஞ்சப்புறம் கரையில வுட்டுட்டுப் போய்ட்டாங்களாம். செம மருந்துடி! மாமா கையில கீற கறுப்பு ஒரே தேய்ல போச்சு."

மாமா என்றால் அக்காவின் புருஷன். எஞ்சின் கழுவ ஆகுமே என்று இரண்டு கேன் தூக்கிவந்திருக்கிறார். கதவோரம் நின்று தன் கையைக் காட்டினார். கறுப்பு போயிருந்தது. கூடவே உள்ளங்கைத் தோலும் வெடித்து உரிந்திருந்தது.

"பெட்டியை இதுலயா கழுவற?"

"பின்ன? பெரம்பூர்ல ஒருத்தி எண்ணூர் மீனான்னு கேட்டா பாரு, அதுக்குத்தான். கேனு வந்த அன்னிலேந்து டெய்லி இதான். வாசனை கீதுன்னு சொல்லச் சொல்ல இன்னும் நல்லா ஊத்தித் தேய்க்கறேன். கலீஜா ஒரு பொட்டு இருக்கக்கூடாது. ஆனா எலி பேஜாரு வேற. பாரேன், உள்ள பூரா கடிச்சு வெச்சுகீது."

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கக் குழி குழியாக இருந்தது. எலி கடித்தால் உதிரும், பல் பட்ட தடம் இருக்கும். இங்கே ஒரு பல்லும் இல்லை. குழிகளின் ஓரம் வழவழவென்று உருகி இறங்கியிருந்தது. மூலையில் ஒரு துண்டு பிய்த்து, எவர்சில்வர் தம்ளரில் போட்டு, கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றி வைத்தேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்துப் பார்க்கும்போது தெர்மாகோல் ஓரமெல்லாம் சுருங்கி, அதே மாதிரி குழி விழுந்திருந்தது.

"எலி எங்கக்கா?" என்றேன்.

அக்கா தம்ளரையே பார்த்தாள். நான் சொன்னேன். மண்ணெண்ணெய் தெர்மாகோலைத் தின்றுகொண்டே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை குடம் தண்ணீர் விட்டு அலசினாலும் முழுக்க வராது. மறுநாள் ஐஸ் கரையும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சோப்பு இருப்பதால் ஐஸ் தண்ணீரோடு கலந்து மீன் தோலில் ஏறும். பெட்டியில் ஒட்டிப் படுத்த பக்கம்தான் அதிகம் நாறும். மறுபடியும் கழுவினால் மறுபடியும் ஏறும்.

"அப்ப கடலு?"

"கடல் உன் மீனை ஒண்ணும் பண்ணலக்கா."

"நாந்தானா?"

அக்கா எழுந்து பெட்டியைத் தூக்கிப் பம்புமேல் ஒரே அடி அடித்தாள். வெள்ளை உருண்டைகள் தெருவெல்லாம் பறந்தன. பிறகு மாமா பக்கம் திரும்பி அவருடைய ஏழு தலைமுறையையும் கூப்பிட்டாள். அவர் கம்மென்று உள்ளே போய்விட்டார். அடுத்தது நான்.

"ஏன்டி, இதையேதான ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணினு இருந்த? என் வூட்டுக்கு வந்து துண்ணுட்டுத் துண்ணுட்டுப் போனியே, மூக்கு எங்க போச்சு?"

"உன் மூக்கு எங்க போச்சு? தினமும் அந்தப் பெட்டிகிட்டதான குந்தற?"

இரண்டு பேருக்கும் ஒரே மூக்குதான். டீசல் லாஞ்சுக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் நடுவில் வளர்ந்த மூக்கு. பெரம்பூர்க்காரர்களுக்கு முதல் நாளே தெரிந்த நாற்றம் எங்களுக்கு எட்டவேயில்லை. அக்கா படியில் உட்கார்ந்து, "அய்யோ, கடலைப் போய் திட்டினேனே. புள்ளைங்க மேல சத்தியம் பண்ணேனே, என் கிட்ட குத்தமே இல்லன்னு" என்று அழுதாள். அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் இரண்டு கேனையும் எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக ஓரமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டி. கூடவே வந்து நீ விளக்கம் கொடு என்று கேட்கிற ஆள் இல்லை அக்கா. "சொம்மா வா, பக்கத்துல நில்லு" என்றாள். போனேன். முதல் வாசலிலேயே பெட்டியை இறக்கி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"யம்மா, மீன் மேல தப்பில்ல. பெட்டியை ஆயில் மருந்துல கயுவிட்டேன். தெரியாம செஞ்சது. தப்பு என்னுது. இது புதுப் பெட்டி. மோந்து பாத்து வாங்கு."

எல்லா வாசலிலும் இதே பேச்சுதான். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், நல்லா கதை கட்டுற என்றார். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் அன்றைக்கு விழுங்கிக்கொண்டாள். பெரும்பாலானவர்கள் செவுளைத் தூக்கி, மூக்கருகே வைத்து, இன்னொரு தடவை வைத்து, பிறகு வாங்கினார்கள். கதவு திறக்காத வீடு அன்றைக்கும் திறக்கவில்லை.

கடைசியாக, தெருக்கோடியில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரின் வீடு. அந்த வீட்டம்மாவை எனக்குக் கேள்விப்பட்டுத் தெரியும். மற்றவர்கள் திருப்பியபோதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிய ஒரே ஆள். அந்த ஒரு வீட்டை நம்பித்தான் அக்கா அத்தனை நாளும் லைனுக்குப் போனாள். 'அந்தம்மா துண்றாங்களே, அப்ப நம்ம மீனு நல்ல மீனுதான்' என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அக்கா அங்கேயும் தன் பாட்டைச் சொல்லிவிட்டு, "நீ ஒருத்திதாம்மா திருப்பல. உனக்கு நாறலியா?" என்று கேட்டாள்.

அந்தம்மா, "அப்படியொண்ணும்..." என்று இழுத்தார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"எங்க சாப்பிட்டோம்? வாங்கினது பூரா குப்பை வண்டி ஏறிக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போயிடுச்சும்மா."

"சும்மா இருங்க நீங்க," என்று அவரை அடக்கிவிட்டு, அந்தம்மா அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த வெயில்ல வந்து நிக்கிற. எல்லாரும் வேணாம்னுட்டாங்க. நானும் வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அக்கா முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ பெட்டியைத் திறந்து, இருந்ததிலேயே நல்ல சங்கராவாக எடுத்து, வாசலிலேயே உட்கார்ந்து செதில் சீவ ஆரம்பித்தாள். கத்தி போன வேகத்தில் செதில்கள் சுவரில் போய் ஒட்டின.

"மசாலா தடவிப் போடும்மா. இப்பவே. நீ துண்றத பாத்துட்டுதான் போவேன்."

அந்தம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. கடைசியில் அவரே வறுத்துக் கொண்டுவந்து, தட்டில் ஒரு துண்டைப் பிட்டார். தெருவே முகர்ந்து பார்த்து வாங்கிய நாளில், அவர் மட்டும் முகராமல் நேராக வாய்க்குக் கொண்டுபோனார்.

அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மோந்து பாரும்மா."

"பரவாயில்ல..."

"மோந்து பாருன்றேன்ல. நாறுச்சுன்னா எம் மூஞ்சிமேல வீசு. இனிமே எனக்காவ வாங்காத."

அந்தம்மா முகர்ந்தார். நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். பிறகுதான் சாப்பிட்டார். அக்கா கையை எடுத்தாள். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது, இரண்டு பேரும் மிளகாய் நெடி என்றார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மூலக்கொத்தளம் தாண்டியதும், "அந்த மீனெல்லாம் கொடுங்கையூர்ல கெடக்குதுடி" என்று மட்டும் சொன்னாள்.

லைன் முழுசாகத் திரும்பவில்லை. பாதி வீடுகள் வந்தன, மீதி வேறு ஆளிடம் போயின. ஷெட்டுக்கு அவள் போகவில்லை. தெருக்கோடி வீட்டில் மட்டும் இப்போது ஒரு புதுப் பழக்கம். மீனை அக்கா முதலில் அந்தம்மாவின் மூக்கருகே நீட்டுகிறாள். அவர் முகர்ந்து பார்த்து, சரி என்று வாயைத் திறந்து சொன்னால்தான் விலை சொல்கிறாள்.